ஒவ்வொரு டேப்பிலும் ஒரு பிள்ளையார்

நல்லமுத்துவின் வலது தோள் செத்துப்போயிருந்தது. ஒரேயடியாகச் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை, வலித்துக்கொண்டே செத்திருந்தது. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்க வேண்டுமென்றால் அவன் மனைவி மீனாட்சி வந்து, மாட்டின் காலைத் தூக்கி லாடம் பார்க்கிறவள் மாதிரி, தூக்கிவிட வேண்டும். பல் துலக்குவது, தலை சீவுவது எல்லாம் இடது கை. இடது கைக்கு அவன் தலையில் எந்தப் பக்கம் வகிடு என்று இன்னும் பிடிபடவில்லை.

சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில், மீசை முளைக்காத வயதில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை சுமந்தபோது வராத வலி இது. குலையை லாரியில் எறிந்துவிட்டால் தோள் காலி. கேமரா அப்படியில்லை. பெண் அழைப்பில் தோளில் ஏறினால் கடைசிப் பந்தி எழும்வரை இறங்காது. போதாததற்கு, குலை சுமக்கிறவனை ஆடாமல் நில் என்று யாரும் அதட்டியதில்லை. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த வருஷங்களில் பினாங்கில் பாதித் தமிழர்களின் தாலிகட்டை நல்லமுத்து அந்தத் தோளில் வைத்துத்தான் பார்த்திருக்கிறான்.

டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், பாரம் தூக்குவதை நிறுத்து என்று. தூக்காமல் எதைத் தின்பது என்று டாக்டர் சொல்லவில்லை. அது அவர் படித்த படிப்பில் இல்லைபோலும்.

அதனால்தான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்காரர்கள் கூப்பிட்டபோது நல்லமுத்து பறந்துகொண்டு போனான். ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே வைக்கிற நகக்கண் அளவுச் சாமான் செய்கிற ஃபேக்டரி. வருஷக் கடைசி விருந்தில், வெளிநாட்டுப் பெரிய முதலாளி முன்னால், ஃபேக்டரியின் பெருமையைச் சொல்லும் ஒரு படம் ஓட்ட வேண்டும். ஃபேக்டரியில் யாரும் ஓடிப்போய் மாலை மாற்றப் போவதில்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நிற்கலாம். படம் நன்றாக அமைந்தால் பாதுகாப்புப் படம், பயிற்சிப் படம் என்று வருஷா வருஷம் வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் முக்காலி வேலை. இந்த ஒரு படம் தேறிவிட்டால் நல்லமுத்துவின் தோளுக்கு ஓய்வு. தேறாவிட்டால் தை மாதம் முழுக்கக் கல்யாணம்.

அப்படிச் சொன்னவர் கனகேஸ்வரி, ஃபேக்டரியில் ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கும் அதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் பேனா பிடித்த குடும்பம். அந்தம்மா 'குட் மார்னிங்' சொன்னால் அங்கே வேலை செய்யும் பெண்கள் பதில் சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். படத்துக்கு விளக்கவுரையும் அவரே ஆங்கிலத்தில் பேசிக் கொடுத்திருந்தார். கான்வென்டில் படித்த குரல்; பளிங்குத் தரையில் குதிகால் செருப்பு நடக்கிற மாதிரி இருக்கும்.

இந்த மாதிரிப் படத்தை இரண்டு தரம் வெட்ட வேண்டும். பர்மா ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிற ஸ்டூடியோவில்தான் நல்ல மிஷின் உண்டு. அதற்கு மணிக்கணக்கில் வாடகை. அங்கே உட்கார்ந்து இதை வைக்கலாமா அதை எடுக்கலாமா என்று யோசிப்பது, டாக்ஸியை நிறுத்தி வைத்துவிட்டுக் கோயிலைச் சுற்றுவதுபோல. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அசல் டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அதுவும் தேயும். ஆகவே முதலில் ஒவ்வொரு அசல் டேப்பையும் சாதாரண வீடியோ டேப்பில் நகல் எடுப்பார்கள். நகலின் அடியில், டேப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிற ஒரு கடிகாரம் ஓடும்படி செய்வார்கள். வீட்டில் இரண்டு பழைய மிஷினை வைத்துக்கொண்டு நகலை வெட்டி ஒட்டி, எந்தத் துண்டு எந்த நேரத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்த நேரங்களை ஸ்டூடியோ மிஷினில் தட்டிக் கொடுத்தால், அது அசல் டேப்பில் அதே இடங்களைத் தேடிப் பிடித்து, பளிச்சென்று கோத்துக் கொடுத்துவிடும்.

நகல் என்றால் நகல்தான். பாயான் பாருவில் நல்லமுத்துவின் ஃப்ளாட்டுக்கு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து அதைப் பார்த்த கனகேஸ்வரி, ஏன் எல்லாரும் கஞ்சிக்குள்ளே நிக்கினம் என்று கேட்டார். இது கஞ்சிதான், சோறு ஸ்டூடியோவில்தான் கிடைக்கும் என்று நல்லமுத்து சமாதானம் சொன்னான். துண்டுகளின் வரிசையும் அவர் குரலும் ஒட்டிப்போனதில் அந்தம்மாவுக்குத் திருப்தி. சரி, சோறாக்குங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லமுத்துவிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. இரண்டும் கல்யாண வீட்டில் ஒட்டியவை. ஒன்று, எதையும் முன்கூட்டியே எடுக்கத் தொடங்கிவிடுவான். தாலி கட்டுகிறவன் கேமராக்காரனுக்காகக் காத்திருக்க மாட்டான். ஆகவே ஒரு காரியம் நடக்கப்போகிறது என்று தெரிந்தாலே அவன் விரல் பொத்தானை அமுக்கிவிடும். மற்றது, புது டேப் போட்டால் முதலில் பிள்ளையாரைத்தான் எடுப்பான். கேமராப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருக்கும். நல்ல நேரமாக இருந்தால் சும்மா கொஞ்சம் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவான். ராகு காலமாக இருந்தால் பிள்ளையாரைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிடுவான்.

விருந்து நாளும் வந்தது; விருந்து சாயந்தரம். அன்று காலைதான் ஸ்டூடியோ கிடைத்தது, அதுவும் மத்தியானம் வரைக்கும். அதற்குப் பிறகு ஒரு தலைவலித் தைலக்காரருக்கு விட்டிருந்தார்கள். மிஷினை ஓட்டுகிறவர் சிக்கந்தர், கம்போங் கொலாமில் பிறந்து வளர்ந்தவர். கனகேஸ்வரியின் குரலை முதலில் டேப்பில் ஏற்றினார். பிறகு நல்லமுத்து நேரங்களை வாசிக்க வாசிக்கத் தட்டினார். இனி மிஷின் பார்த்துக்கொள்ளும், டேப்பை மாற்றச் சொல்லிக் கத்தினால் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை, நீங்க போய்ப் பசியாறிட்டு வாங்க அண்ணே என்று அனுப்பிவைத்தார். நல்லமுத்து கீழே இறங்கி, இடது கையால் ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்று, இரண்டு கிளாஸ் தே தாரேக் டீ குடித்தான். சூடான கிளாஸைத் தோளில் வைத்து ஒத்தடம் கொடுத்தான். நன்றாக இருந்தது.

அவன் மேலே ஏறவும், கனகேஸ்வரி வந்து சேரவும் சரியாக இருந்தது. சாயந்தர விருந்துக்கான பட்டுச் சேலையைக் காலையிலேயே கட்டியிருந்தார். நாற்காலியில் சேலை கசங்காமல் உட்கார்ந்து, தன் குரலைக் கேட்கத் தயாரானார்.

படம் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. கஞ்சி போய்ச் சோறு வந்திருந்தது. சோற்றில் கல்லும் தெரிந்தது.

"எங்கள் நிறுவனத்தின் தூண்" என்று கனகேஸ்வரியின் குரல் சொன்னது. தூண், அதாவது ஜெனரல் மேனேஜர், கண்ணாடி முன்னால் நின்று, ஒரு காதோரத்து முடியை வழுக்கையைத் தாண்டி மறு காதுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் முடி மடங்கிவிட, விரலை நாக்கில் தொட்டு வைத்து அழுத்தினார்.

"தரமே எங்கள் உயிர்மூச்சு" என்றது குரல். தூசி புகக்கூடாத அறையில், தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்திய தர ஆய்வாளர் முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக் கீரோப்போக் வறுவல் தின்றுகொண்டிருந்தார். ஒரு பொரித்துண்டு அவர் நெஞ்சில் விழுந்ததுகூட எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவு.

"சத்தான உணவு" என்றபோது கேன்டீன் மேசைமேல் ஒரு பூனை மீன் தலையோடு உட்கார்ந்திருந்தது. "ஒவ்வொரு தொழிலாளியும் மலர்ந்த முகத்தோடு" என்றபோது, ரோஹானா என்கிற பெண் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் தேய்த்து, பிடரியைப் பிசைந்துவிட்டு, கடைவாய்ப் பல் தெரிய ஒரு கொட்டாவி விட்டாள். "எங்கள் நிர்வாகத்தின் அன்பான அணுகுமுறை" என்று குரல் குழைந்தபோது திரையில் கனகேஸ்வரியே வந்தார். தலை குனிந்து நின்ற ஒரு பெண்ணின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேமராவைப் பார்த்தார், கொண்டையைச் சரிசெய்தார், சிரிப்பைக் கடையிலிருந்து எடுத்து மாட்டுகிறவர்போல மாட்டினார். மாட்டி முடிப்பதற்குள் துண்டு முடிந்துவிட்டது.

கனகேஸ்வரி எழுந்தார்.

"உது நீங்கள் எனக்குக் காட்டின படம் இல்லை, மிஸ்டர் நல்லமுத்து."

"அதே படந்தான் மேடம்."

"அதிலை நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்."

நல்லமுத்து மிஷின் பக்கம் திரும்பினான். சிக்கந்தரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க பாய், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டான். சிக்கந்தர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நான் என்னத்தண்ணே கண்டேன்? ஃபேக்டரின்னா இப்படித்தான் இருக்கும்னுலா நெனச்சேன்."

நல்லமுத்து பையிலிருந்த நகலை எடுத்துப் போட்டுப் பார்த்தான். நகலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேனேஜர் தலை சீவி முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆய்வாளரின் முகமூடி முகத்தில் இருந்தது. ரோஹானா கஞ்சிக்குள்ளிருந்து சிரித்தாள். நகலில் சோற்றுத் தட்டு இருந்த அதே கடிகார நேரத்தில் அசலைப் பார்த்தால் பூனை. மிஷின் கோளாறாக இருக்குமோ என்று வாய்தவறிக் கேட்டுவிட்டான். சிக்கந்தருக்குச் சுருக்கென்றது. மிஷின் பொய் சொல்லாது, நீங்க எந்த நேரத்துக்குப் போகச் சொன்னீங்களோ அந்த நேரத்துக்குப் போய் நின்னிருக்கு, அதுக்கு மேல அதுக்கு என்ன தெரியும் என்றார். கனகேஸ்வரி மறுபடி உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். இந்தக் கேமராக்காரனைக் கொண்டுவந்தது யார் என்று சாயந்தரம் கேட்கப்படப்போகும் கேள்விக்கு, பையில் பதில் தேடுகிறவர் மாதிரி.

நல்லமுத்துவின் கண்முன்னே தை மாதம் வந்து நின்றது. தவில் சத்தம் கேட்டது. தோள் இப்போதே கேமரா ஏறிவிட்டதுபோலக் கனத்தது. பிள்ளையாரப்பா, இதிலிருந்து என்னைக் கரையேற்று, உனக்கு நூற்றெட்டுத் தேங்காய் சிதறவிடுகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். வேண்டும்போது எந்தக் கையால் உடைப்பது என்று அவன் யோசிக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவன் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஒரு அசல் டேப்பை ஆரம்பத்துக்கே ஓட்டச் சொன்னான். பிள்ளையார் வந்தார். தும்பிக்கை, மோதகம், படத்தின் ஓரத்தில் ஒட்டிய பசை வரைக்கும் துல்லியம். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தே இருந்தார். எடுத்தது ராகு காலம். அவர் போன பிறகுதான் ஃபேக்டரி கேட் வந்தது. அந்த டேப்பின் நகலை ஆரம்பத்துக்கு ஓட்டினான். எடுத்த எடுப்பிலேயே ஃபேக்டரி கேட். அடியில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

நல்லமுத்து டெலிபோனை எடுத்தான்.

நகல் எடுத்துக் கொடுத்தவன் அய்யாக்கண்ணு. பினாங் ஸ்ட்ரீட்டில் வீடியோ கடை. நெற்றி நிறைய விபூதி. கடையின் முன்பக்க அலமாரியில் சாமி படங்கள், குடும்பப் படங்கள். பின்னால் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால் உள்ள டேப்புகளைக் கேட்டு வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், தலையை மட்டும் அசைப்பார்கள். அய்யாக்கண்ணு டெலிபோனில் பேசினாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவான். அவன் சொல்வது அறை முழுக்கக் கேட்டது.

"அய்யாக்கண்ணு, புள்ளையாரு எங்கடா?"

"எந்தப் புள்ளையாருண்ணே?"

"ஒவ்வொரு டேப்பு தலையிலயும் இருப்பாருல்ல, அவரு."



"அவர நான் ஏத்தலண்ணே. புது டேப்பு எதுக்கு, பழசு இருந்தா குடுன்னீங்க. திரைக்குப் பின்னாடி கெடந்த டேப்புலதான் நகல ஏத்துனேன். அதுல என்ன ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே ரெண்டு எடுத்துட்டுப் போனீங்களே. அதுக்கு மேல கொண்டுபோய்ச் சாமிய உக்கார வைக்கச் சொல்றீங்களா? பாவம்லா. அவரு போற வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, அப்புறந்தான் மிஷின அமுக்குனேன். ஒவ்வொரு டேப்புக்கும் அப்படித்தான். ஒண்ணு விடல."

கனகேஸ்வரி கூரையிலிருந்த காற்றாடியைப் பார்த்தார். சிக்கந்தர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று கேள்விப்பட்டிருக்கிறேன், பிள்ளையாரைப் பிடிக்காததால் குரங்கானதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

ஆக, விஷயம் இதுதான். நகலின் கடிகாரம் பிள்ளையார் போன பிறகு ஓடத் தொடங்கியது; ஸ்டூடியோக் கடிகாரம் பிள்ளையாரையும் சேர்த்து எண்ணியது. பிள்ளையார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாரோ, அவ்வளவு முந்திய காட்சியை மிஷின் எடுத்து வைத்திருந்தது. நல்லமுத்துவோ எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுக்கத் தொடங்குகிறவன். எனவே கேமராவுக்காக அவரவர் முகத்தை மாட்டுவதற்கு முன் ஃபேக்டரி எப்படி இருந்ததோ, அது முழுசாகப் பதிவாகியிருந்தது.

விஷயம் விளங்கியதும் கனகேஸ்வரி பேனாவை எடுத்தார். அப்பா, தாத்தா என்று கூட்டல் கழித்தலிலேயே சோறு தின்ற குடும்பம். ஒவ்வொரு டேப்பிலும் பிள்ளையார் இருக்கும் நேரத்தை அளந்து, அந்த டேப்பின் துண்டுகளோடு கூட்டிச் சொல்ல, சிக்கந்தர் திருத்தித் தட்டினார். குரலைத் தொடாமல் பழைய துண்டின்மேல் சரியான துண்டு ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு தரமும் பிள்ளையார் திரையில் வந்தபோது, அந்தம்மா கோபத்தை மறந்து, பேனாவோடு கையை நெஞ்சில் வைத்து எடுத்துக்கொண்டார்.

"இதிலை ஏன் இவ்வளவு நேரம் இருக்கிறார்?"

"அது ராகு காலம் மேடம்."

"இதிலை அதைவிடக் கூட."

"அது ஜெனரல் மேனேஜர எடுத்த அன்னிக்கு. நேரம் நல்ல நேரந்தான். பயமா இருந்திச்சு."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். ஆய்வாளரின் முகமூடி மேலே ஏறியது. பூனை போய்ச் சோற்றுத் தட்டு வந்தது. கனகேஸ்வரி சிரித்தார், முழுச் சிரிப்பு. அதை மட்டும் இரண்டு தரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதில் போன நேரம்தான் கடைசியில் உதைத்தது. தைலக்காரர் கதவைத் தட்டிவிட்டார். தட்டியதோடு நிற்காமல் உள்ளே வந்து, கைகட்டி நின்று, கடிகாரத்தையும் பார்த்தார். ரோஹானா மட்டும் பாக்கி.

இன்னும் ஒண்ணு இருக்கு மேடம் என்று நல்லமுத்து கெஞ்சினான். சிக்கந்தர் கையை விரித்தார். கனகேஸ்வரி டேப்பை எடுத்துக் கைப்பையில் வைத்தார்.

"விடுங்கோ. அந்த நேரம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பினம்."

பத்து ஃபெரிங்கிக் கடற்கரை ஹோட்டல் மண்டபத்தில் யாரும் சாப்பிடவில்லை. பெரிய முதலாளி படம் முடிந்ததும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். முன்னால் மேனேஜர்களின் மேசை, நடுவில் ஆபீஸ்காரர்கள், சமையலறைக் கதவோரம் தொழிலாளிப் பெண்கள். படம் ஓடியது. மரியாதையாகப் பார்த்தார்கள், மரியாதையாகப் பசித்தார்கள். நல்லமுத்து சுவரோரம் மிஷின் பக்கத்தில் நின்று, ரோஹானா வர இன்னும் எத்தனை துண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு தொழிலாளியும் மலர்ந்த முகத்தோடு" என்றது குரல்.

சுவரளவு பெரிய திரையில் ரோஹானா கண்ணைத் தேய்த்தாள். பிடரியைப் பிசைந்தாள். வாயைத் திறந்தாள்.

கடைவாய்ப் பல் சுவரளவுக்குத் தெரிந்தது. பிறகு சமையலறைக் கதவோரம் யாரோ கரண்டியால் கிளாஸைத் தட்டினார்கள். இன்னொரு கரண்டி சேர்ந்தது. ரோஹானா தலையில் சுற்றியிருந்த தூடோங் துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொள்ள, பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து உயர்த்தினாள். மூன்று ஷிஃப்ட் பெண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரவர் கண் எரிச்சலுக்கும் பிடரி வலிக்கும் முதல் தடவையாக ஒரு சாட்சி கிடைத்த கைதட்டல் அது. தொழிலாளர்கள் இவ்வளவு நெகிழ்ந்து பார்த்த படத்தைப் பெரிய முதலாளி அதுவரை கண்டதில்லைபோலும். அவரும் எழுந்து தட்டினார். முதலாளி எழுந்தால் மேனேஜர் உட்கார்ந்திருக்க முடியுமா? தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அவரும் எழுந்தார். கனகேஸ்வரி எழுந்தார். மண்டபத்தில் கைதட்டாமல் நின்றவன் நல்லமுத்து ஒருவன்தான். அவனுக்கு ஒரு கை தூக்க வராது.

மறுநாள் கனகேஸ்வரி டெலிபோன் செய்தார். வேலை உறுதி என்றார். பெரிய முதலாளிக்கு அந்தக் கொட்டாவி நிரம்பப் பிடித்துவிட்டதாம். அடுத்த படத்தில் அந்த மாதிரி இயற்கையான காட்சி நாலைந்து வேண்டுமாம். மைக்ராஸ்கோப்புப் பெண்களுக்கு வேலை நடுவில் ஒரு சின்ன இடைவேளை விடவும் சொல்லியிருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டார்.

"பிள்ளையாரை எடுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் எல்லா டேப்பிலையும் ஒரே அளவாய் எடுங்கோ."

நல்லமுத்து தை மாதக் கல்யாணங்களை எல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டான். கேமரா முக்காலியில் ஏறியது. தோள் மட்டும், வாங்கின வலியைத் திருப்பிக் கொடுக்கிற வழியாக இல்லை. பழைய வலி, ஆற நாளாகும் என்றார் டாக்டர்.

வேண்டுதலைத் தள்ளிப்போடக்கூடாதென்று ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் மூட்டையோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனான். வலது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. இடது கையால் ஓங்கி எறிந்தான். தேங்காய் கல்லில் பட்டுத் துள்ளி, முழுசாக உருண்டுபோய் ரோட்டோரம் நின்ற ஒரு காருக்கடியில் படுத்துக்கொண்டது. அடுத்தது ரோட்டோரக் காண்டாச் சாக்கடைக்குள் விழுந்து தண்ணீரோடு போயிற்று. வியர்த்து ஊற்ற எறிந்ததில் சிதறியது ஏழு. உடையாத காயைச் சாமி கணக்கில் சேர்க்க முடியாது என்று குருக்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

உன்னால வந்த வினை, மிச்சத்த நீ உடை என்று அய்யாக்கண்ணுவைக் கேட்டுப் பார்த்தான். வேண்டுனவன் கையாலதான் உடைக்கணும், அடுத்தவன் வேண்டுதல்ல கை வைக்க நான் என்ன பாவியா என்று அய்யாக்கண்ணு விபூதியைத் தொட்டுக்கொண்டான். தைப்பூசத்தன்றைக்கு ரோடெல்லாம் தேங்காய் உடைக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் எப்படியாவது உடைத்துவிட்டால் என்ன என்று சிக்கந்தர் ஒரு யோசனை சொன்னார். மீனாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே உடைத்தால் அது தம்பி முருகன் கணக்கில் போய்விடும், அண்ணன் கணக்கு அப்படியே நிற்கும் என்றாள்.

ஒவ்வொரு டேப்புக்கும் பெட்டி மூடியைத் திறக்கும்போது பிள்ளையார் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இப்போதெல்லாம் ராகு காலமானாலும் நல்ல நேரமானாலும் ஒரே அளவுதான் எடுக்கிறான். அதிலும் பாதி நேரம் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். நல்லமுத்து பிள்ளையாருக்கு இன்னும் நூற்றியொரு தேங்காய் பாக்கி.